கற்றாழை வேரில் நான் நடத்தி வைத்த கல்யாணங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என்னைக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேர் நுனியை எப்போது வெட்டுவது, சாயத்தில் எத்தனை நிமிடம் ஊறவைப்பது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். அவர்களுக்கும் பெருமை அடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. நான் என் தப்பு ஒன்றைச் சொல்லப் போகிறேன். இந்த வேலையில் நான் செய்த தப்புகளுக்குக் குறைவே இல்லை. ஸ்லைடை உடைத்திருக்கிறேன், லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறேன், ஒரு முறை துறைத் தலைவரின் மூக்குக்கண்ணாடியைச் சாயத் தொட்டியில் போட்டிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் உடனே திட்டு விழுந்தது, உடனே சரியும் ஆனது. இந்த ஒரு தப்புக்கு மட்டும் எனக்குப் பாராட்டு கிடைத்தது. அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்குப் படிப்பு சுமார்தான், ஆனால் படம் நன்றாக வரும். கோயில் பீடத் துணியில் பூவேலை செய்கிறவர்கள் என்னிடம்தான் பூ வரைந்து வாங்கிப் போவார்கள். இடது பக்கம் ஒரு ரோஜா என்றால் வலது பக்கமும் ஒரு ரோஜா. இங்கே இரண்டு இலை என்றால் அங்கேயும் இரண்டு இலை. கோணல் என்றாலே எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் யார் வீட்டுச் சுவரிலாவது காலண்டர் சாய்ந்து தொங்கினால் எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மயிலாப்பூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் தாவரவியல் துறைக்குப் படம் வரைய ஆள் தேடினார்கள். ஒரு பெண் மனுப் போட்டிருக்கிறாளே என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள். துறைத் தலைவர், அதாவது நாங்கள் ஹெட் என்று கூப்பிட்டவர், என் ரோஜாக்களைப் பார்த்தார். "தற்காலிகம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

எனக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏதோ ஆபீசுக்கு மேப் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போகும் முன் மூன்று நாள் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தினால், உள்ளே தெரிவது பக்கத்துக் காகிதத்தின் மேல் விழுந்த மாதிரித் தெரியும். தெரிகிற கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். அதற்குக் கேமரா லூசிடா என்று பெயர். மூன்றாம் நாள் அவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"இதோ பாரும்மா, குரோமோசோம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்தா அப்படியே போட்டுத் தொலைக்காதே. எண்ணறவங்களுக்குத் தலைவலி. கொஞ்சம் விலக்கிப் போடு. எது எதுக்கு ஜோடின்னு தெரிஞ்சா ஜோடியைப் பக்கத்துல வை. சட்டுனு எண்ணிடலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எத்தனை குரோமோசோம் இருக்கிறது என்பதுதான் அப்போது எல்லாருக்கும் கேள்வி. எண்ணுவதற்காகப் போட்ட படத்தில் விலக்கிப் போட்டால் எண்ணிக்கை மாறிவிடுமா? மாறாது. என் கைக்கும் அது சொர்க்கமாக இருந்தது. கோணலாகக் கிடந்ததையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கினேன். ஒரே வருஷத்தில் அது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் படம் போட்டுக் கொடுத்தது ஒரு இளம் விரிவுரையாளருக்கு. மயிலாப்பூர்க்காரர். அவரை அப்போது சார் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படியே சொல்கிறேன். வீட்டுக் காப்பியை ஒரு பித்தளைக் கூஜாவில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குடிப்பார். அவருடைய ஆராய்ச்சி கற்றாழையில். கண்ணேறு படக்கூடாது என்று வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே கற்றாழைதான். அதன் வேர் நுனியில் ஒரு செல்லை எடுத்தால், உள்ளே உட்கரு. உட்கருவுக்குள் பதினான்கு குரோமோசோம். எட்டு நீளம், ஆறு குட்டை. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று ஏழு ஜோடி. கண்ணுக்கே தெரியாத அந்தச் சின்ன அறைக்குள் இந்தப் பதினான்கும் கண்டபடி கிடக்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டா என்பதை அறிய அவருக்கு ஆசை. உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அதே கேள்வியோடுதான் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது, எங்களைவிட நன்றாகத் திண்டாடுங்கள்.

ஒரு நாள் நான் போட்ட படங்களையெல்லாம் நீள மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார்.

"மிஸ் பிலோமினா! இங்க வாங்கோ, ஓடி வாங்கோ! இதைப் பாருங்கோ. ஆம்படையானும் ஆம்படையாளும் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு நிக்கறது. எல்லாப் படத்துலயும்! இத்தனை நாளா இதைப் பாக்காம என்ன பண்ணிண்டிருந்தோம்?"

நானும் பார்த்தேன். ஆமாம், எல்லாப் படத்திலும் ஏழு ஜோடியும் அக்கம்பக்கமாக நின்றன. நானும் சேர்ந்து கைதட்டினேன். சிரிக்காதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இயற்கைக்கு எவ்வளவு ஒழுங்கு என்று ஆச்சரியப்பட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வேறு சொன்னேன்.

சார் அதை ஐந்தாம் அத்தியாயமாக எழுதினார். முதல் நான்கு அத்தியாயங்களும் வெறும் எண்ணிக்கை. ஐந்தாவதுதான் தீசிஸின் உயிர். படித்துவிட்டு ஹெட் மாடியிலிருந்து இறங்கி வந்து சாரின் கையைக் குலுக்கினார். என்னைப் பார்த்து, "உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கடிதம் எழுதிடறேன். முதல்ல தீசிஸ் போய்ச் சேரட்டும்" என்றார். சனிக்கிழமை மதியத்துக்குள் அது யூனிவர்சிட்டி ஆபீசில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். சாரின் வேலையும் தற்காலிகம். அந்த இடத்துக்கு இன்னொருவர் சிபாரிசோடு காத்துக்கொண்டிருந்தார். ஆக, அவர் பிழைப்பும் என் பிழைப்பும் அந்த ஐந்தாம் அத்தியாயத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

திங்கட்கிழமை காலை சார் ஐந்தாம் அத்தியாயத்தை எனக்குப் படித்துக் காட்டினார். உற்சாகத்தில் கையை வீசினார். கூஜா கவிழ்ந்தது.

"ஐயையோ, ஆத்துக் காப்பி!" என்று அலறினார். முதலில் காப்பிக்குத்தான் வருத்தப்பட்டார். பிறகுதான் அது எதன்மேல் கவிழ்ந்தது என்று பார்த்தார். அத்தியாயத்தின் முதல் படம். நான் போட்டதிலேயே அழகான படம்.

"பரவாயில்லை சார், ஸ்லைடு இருக்குதே, ஒரு மணி நேரத்துல மறுபடி போட்டுடறேன்" என்றேன். எந்த ஸ்லைடில் எந்த இடத்தில் அந்தச் செல் என்பதை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். தேடிப் பிடித்தேன், வரைந்தேன், மையும் போட்டேன். முடித்ததும் காப்பிக் கறைபட்ட பழைய படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து அதன்மேல் புதுப் படத்தைப் பிடித்தேன். வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

தெரியவில்லை. எண்ணிக்கை சரி, பதினான்கு. இரண்டு படத்திலும் ஏழு ஜோடியும் அக்கம்பக்கமாக நின்றன. ஆனால் வேறு வேறு இடத்தில் நின்றன. நுனியில் சின்னப் பொட்டு வைத்த நீள ஜோடி ஒன்று உண்டு. பழைய படத்தில் அது மேலே இருந்தது. புதுப் படத்தில் கீழே இருந்தது. அதே செல், அதே ஸ்லைடு, வரைந்ததும் நானேதான்.

திரும்பவும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். இந்தத் தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்தேன். பொட்டு வைத்தவற்றில் ஒன்று மேலே ஒரு கும்பலுக்குள் சிக்கிக் கிடந்தது. அதன் ஜோடி கீழே இன்னொரு கும்பலில். முதல் தடவை கீழே இருந்ததை விலக்கி எடுத்து, எடுத்ததுதான் எடுத்தோம் என்று மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். இன்றைக்கு மேலே இருந்ததை எடுத்துக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். ஒரு கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், ஒரு கல்யாணம் பெண் வீட்டில். தரகர் நான்தான்.

சார் கண்டுபிடித்தது கற்றாழையின் ஒழுங்கை அல்ல, என் கையின் ஒழுங்கை.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "மை காயலை சார்" என்று சொல்லி இரண்டு படத்தையும் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். யாருக்குத் தெரியும்? பரீட்சகர் எங்கேயோ கடல் கடந்து இருக்கிறார், அவர் ஸ்லைடைப் பார்க்கப் போவதில்லை. சாருக்கு டிகிரி வரும், எனக்கு நிரந்தரம் வரும், கற்றாழை வந்து சாட்சி சொல்லப் போகிறதா என்ன? இப்படி நினைத்தவள் நல்லவள் இல்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கணக்கு வரும். அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் உள்ளே நுழைந்ததுமே சார் ஒரு தாளை நீட்டினார். நன்றியுரை. "படிங்கோ, உங்க பேர் வரது" என்றார். 'மிஸ் பிலோமினா வரைந்து கொடுத்த துல்லியமான படங்கள் இல்லாமல் இந்த ஆராய்ச்சி இல்லை' என்று எழுதியிருந்தார். துல்லியமான என்ற வார்த்தையைப் பிறகு யோசித்துச் சேர்த்திருக்கிறார் போலிருக்கிறது, வரிக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. டிராயரைத் திறந்து இரண்டு படத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு ஜன்னலுக்குப் போய் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பிடித்துப் பார்த்தார். திரும்பாமலே கேட்டார்.

"எல்லாப் படமும் இப்படித்தானா?"

"ஏறிக் கிடந்ததெல்லாம் இப்படித்தான் சார்."

"எதை நகர்த்தினேள், எதை நகர்த்தலைன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல சார்."

"இதை நேத்தே சொல்லப்படாதோ?" என்று குரலை உயர்த்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "மூணு மாசம் எழுதிருக்கேன்! ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லிண்டு திரிஞ்சேன்! போங்கோ. கொஞ்ச நாழி என் எதிர்ல நிக்காதீங்கோ."

வராந்தாவுக்கு வந்தேன். அங்கே கற்றாழைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் எங்கள் அட்டெண்டர் கன்னியப்பன். நொச்சிக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் கல்லூரி வேலைக்கு வந்தவர். கையில் பென்சில் வைத்திருக்கிற யாரும் அவருக்கு டீச்சர்தான்.

"இன்னா டீச்சரம்மா, சாரு கத்திக்கினு கீறாரு? கண்ல தண்ணி வேற வருது உனுக்கு?"

சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ, "படம்தானே? மறுக்கா போட்டா போவுது. அதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார்.

"என் கை சரியில்லைண்ணே. தானா ஜோடி சேக்குது" என்றேன்.

அரை மணி கழித்து சார் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். "திரும்ப வரையணும்" என்றார். "ஆனா நீங்க வரையப்படாது. நானும் வரையப்படாது. ஜோடி சேர்ந்து இருக்கணும்னு எனக்கு ஆசை வந்துடுத்து. ஆசை வந்த கண்ணு வேணாம். எது எதுக்கு ஜோடின்னே தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்."

நல்ல யோசனைகள் சாருக்குத் திட்டி முடித்த பிறகுதான் வரும். நான் கன்னியப்பனைப் பார்த்தேன். வலை பின்னுகிற கை. மதியச் சாப்பாட்டு வேளையில் வராந்தாவில் உட்கார்ந்து கிழிந்த வலையை அவர் சரிசெய்யும்போது, ஒரு கண்ணி கூடப் பெரிதாகவோ சிறிதாகவோ விழாது.

"நானா?" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். "எனுக்குக் கையெழுத்தே கோழி கிளறின மாரி கீது சாரு."

"எழுத்து வேண்டாம்ண்ணே. உள்ள தெரியுற கோட்டு மேல கோடு போட்டா போதும். எது தெரியுதோ அது."

"இதுங்கல்லாம் இன்னான்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். அதுதான் விஷயம்."

"நல்ல வேலைதான் போ" என்றார். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று மதியமே தொடங்கினோம். வெயில் வெளிச்சம் இருக்கும்வரைதான் மைக்ராஸ்கோப்பில் வேலை நடக்கும். அவர் கோடு தடிமனாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தவை காகிதத்திலும் அப்படியே ஏறிக் கிடந்தன. முதல் படத்தைப் பார்த்து, "இது என்ன இடியாப்பமா?" என்று சார் தலையில் கைவைத்தார். எனக்கோ விரல் நமநமத்தது, அதை எடுத்து நேராக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் வரைந்து முடித்த ஒவ்வொரு படத்தையும் நானும் சாரும் ஸ்லைடோடு ஒப்பிட்டு, எது எதன் ஜோடி என்று அதன்மேல் எண் போட்டோம். ஒரு ஜோடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. அடுத்த செல்லில் அதே ஜோடி ஆளுக்கொரு மூலையில் இருந்தது. யாரும் யாரோடும் சேர்ந்து நிற்கவில்லை, சண்டை போட்டும் நிற்கவில்லை. தற்செயலாக எங்கே விழுந்ததோ அங்கே கிடந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தாம் அத்தியாயம் செத்தது. சார் அந்தத் தாள்களை அடுக்கி, சணல் போட்டுக் கட்டி, பீரோவுக்கு மேலே வைத்தார். "சனிக்கிழமைக்கு நாலு அத்தியாயம் போறும்" என்றார். போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு அவர் காப்பியே குடிக்கவில்லை.

வியாழக்கிழமை கன்னியப்பன் வழக்கம்போல வந்து வேலையைத் தொடர்ந்தார். நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அவர் போட்டு வைத்த கட்டைப் புரட்டியபோது நடுநடுவே வேறு மாதிரிப் படங்கள் இருந்தன. ஒரு வட்டம், அதற்குள் நூல் நூலாக. செல் பிரியத் தொடங்கும் முன், உட்கருவின் சுவர் இன்னும் கலையாத நேரம் அது. குரோமோசோம்கள் அப்போது மெல்லிய இழையாக இருக்கும், எண்ண முடியாது. எண்ண முடியாதது எங்களுக்கு உபயோகமில்லை. நான் வருஷக்கணக்காக அப்படிப்பட்ட செல்களைப் பார்த்ததும் ஸ்லைடை நகர்த்திவிடுவேன்.

"இதையெல்லாம் ஏண்ணே போட்டீங்க?" என்றேன்.

"கீறதைப் போடுன்னு நீதான சொன்ன? இதுவும் அங்கதான் கீது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனுக்கு இதுங்கதான் சோக்கா கீது டீச்சரம்மா. பாரேன், கரையில இஸ்து வுட்ட கட்டுமரம் மாரி அல்லாம் மூக்கை ஒரே பக்கம் வெச்சிக்கினு கீது" என்றார்.

சார் மேசையிலிருந்து எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கட்டு முழுவதையும் என் கையிலிருந்து பிடுங்கினார். ஒவ்வொரு இழையிலும் ஒரு மடிப்பு உண்டு. எல்லா மடிப்பும் வட்டத்தின் ஒரே ஓரத்தில் கூடியிருந்தன. மடிப்பிலிருந்து புறப்படும் நீளக் கைகள் எல்லாம் எதிர்ப் பக்கம் நீண்டிருந்தன. எல்லாப் படத்திலும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம், அங்கேயும் அப்படித்தான். முந்தைய தடவை செல் பிரியும்போது குரோமோசோம்கள் மடிப்பு முன்னே போக, கைகள் பின்னே இழுபட, ஒரு பக்கமாக நகர்ந்து போயிருக்கின்றன. போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வாக்கிலேயே கிடந்திருக்கின்றன, கலைந்து போகவில்லை.

"வெளிதேசத்துல ஒருத்தர் வேற ஜீவன்ல இதைப் பாத்து எழுதிருக்கார்" என்றார் சார். "நான் படிச்சிருக்கேன், நம்பலை. நம்ம கற்றாழைல யாரும் காட்டலை. மிஸ் பிலோமினா, ஜோடி இல்லை. ஆனா ஒழுங்கு இருக்கு!" என்று சொல்லி கன்னியப்பனின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். கன்னியப்பன் பயந்துபோய், "இன்னா தப்பு பண்ணேன்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் முதல் கண்டுபிடிப்பு வந்தபோது வந்ததைவிடப் பெரியது. அது சின்ன விஷயம்தான், நிஜமான விஷயம். நாங்கள் எண்ண முடியாதென்று ஒதுக்கிய செல்களில் அது இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது. நீங்களும் எதையாவது ஒதுக்குவீர்கள், ஒதுக்காமல் வேலை நடக்காது. ஒதுக்கியதை ஒரு நோட்டில் குறித்தாவது வையுங்கள்.

சார் புது ஐந்தாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினார். பழையதில் பாதி நீளம்கூட இல்லை. இனி ஹெட் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கால் சுளுக்கி வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை மூவரும் பஸ் பிடித்து தியாகராய நகருக்குப் போனோம். சார் மடியில் தீசிஸ், என் மடியில் படங்கள், ஹெட் ஸ்லைடைப் பார்க்கக் கேட்டால் காட்டுவதற்காகக் கன்னியப்பன் மடியில் குழந்தை மாதிரி மைக்ராஸ்கோப் பெட்டி. அப்போது அங்கே பாதி மனைகள் காலி, புதுத் தெருக்களில் ஒரே புழுதி. ஹெட் வீட்டில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை.

ஹெட் புது அத்தியாயத்தைப் படித்தார். "ஜோடி எங்கே போச்சு?" என்று சாரைக் கேட்டார். சார் வாய் திறக்கும் முன் நான் பேசினேன்.

"நான்தான் சார் கெடுத்தேன். எண்ண வசதிக்காக நகர்த்திப் போட்டேன்" என்று காப்பிக் கறைப் படத்தையும் மறு படத்தையும் வைத்தேன்.

அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கன்னியப்பனின் இடியாப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் வேலைக் கடிதம் எழுதி இந்த மேசை டிராயர்லதான் வெச்சிருக்கேன். தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா வந்து சொல்றே?"

அதற்குச் சார்தான் பதில் சொன்னார், "அவங்க சொல்லலைன்னா தப்பான தீசிஸ்ல நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பேள் சார்" என்று. ஹெட்டிடம் அப்படிப் பேச அவருக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

ஹெட் பேனாவை எடுத்துத் தீசிஸில் கையெழுத்துப் போட்டார். டிராயரைத் திறந்து ஒரு உறையை என் பக்கம் தள்ளினார். "திங்கட்கிழமை ஆபீஸ்ல கொடு" என்றார். அந்தத் தீசிஸ் சனிக்கிழமை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பல மாதம் கழித்து சாருக்கு டிகிரியும் வந்தது. அச்சில் வந்த நன்றியுரையில் துல்லியமான என்ற வார்த்தை கன்னியப்பன் பெயருக்கு முன்னால் இருந்தது. நான் விரல் வைத்துக் காட்டியபோது, "இது நானா? ரொம்ப நீட்டா கீதே" என்றார். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை காலை இன்னும் முடியவில்லை.

உறையை வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது ஹெட் கூப்பிட்டார்.

"இரு. இப்படி நகர்த்திப் போடறதை உனக்கு யார் கத்துக் கொடுத்தது?"

"எனக்கு முன்னால படம் போட்டுக்கிட்டிருந்தவர், சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஹெட்டின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சியின் படம். குரோமோசோம்கள் வரிசையாக, இடைவெளி விட்டு, அழகாக நின்றன. கீழே மூலையில் பொடி எழுத்தில் அந்த மேப் ஆபீஸ்காரரின் கையெழுத்து. சாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட் நொண்டிக்கொண்டே எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்த ஆராய்ச்சியின் பழைய ஸ்லைடுப் பெட்டியை எடுத்தார். மூடியில் இருந்த தூசியை ஊதினார். மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். பிறகு தன் நாற்காலியை அவரே இழுத்து அதன் முன்னால் போட்டார்.

"கன்னியப்பா, இப்படி வந்து உட்காரு."

ஹெட் எதிரில் ஒரு அட்டெண்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கன்னியப்பனும் பார்த்ததில்லை. "நான் நின்னுக்கினே போடறேன் சாரு" என்றார்.

"நின்னா கை ஆடும். உட்காரு."

கன்னியப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஹெட் முதல் ஸ்லைடை எடுத்து வைத்தார். பிறகு சுவருக்குப் போய் அந்தப் படத்தைக் கழற்றி, கன்னியப்பன் கண்ணில் பட்டுவிடாதபடி, சுவரைப் பார்க்கத் திருப்பித் தரையில் சாய்த்து வைத்தார்.